மூத்த இசைக்குழுக்களை மேடையிலிருந்து இறங்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுபது வயதைக் கடந்த ராக் இசைக்கலைஞர்கள் இன்னும் உலகம் சுற்றிப் பழைய பாடல்களையே இசைத்து வருவதைக் குறை கூறியும், அவர்களின் நிகழ்ச்சிகளுக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் ரசிகர்களைக் கடிந்துகொண்டும் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இளமைக் காலத்துப் பதிவுகள் எல்லாம் வீட்டிலேயே கேட்கக் கிடைக்கும்போது தளர்ந்த குரலைக் கேட்க ஒருவர் ஏன் போக வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்கிறார். ஒருமுறை பார்த்த குழுவை மறுபடியும் பார்ப்பதில் புதிதாக என்ன கிடைத்துவிடும் என்றும் கேட்கிறார். ராக் இசையின் கனத்த, உரத்த வகையான ஹெவி மெட்டலை இசைக்கும் அயர்ன் மெய்டன் என்ற ஆங்கிலேயக் குழுவை 2007 முதல் 2025 வரை வெவ்வேறு மேடைகளில் நேரில் கேட்டவன் என்ற முறையில், இந்த இரண்டு கேள்விகளுக்கும் என் அனுபவத்திலிருந்து விடை சொல்ல விரும்புகிறேன்.

குழுவை அறியாத வாசகர்களுக்காகச் சில விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1975ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிதாரை வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் கிழக்கு லண்டனில் தொடங்கிய குழு இது. முதல் ஆல்பம் 1980இல் வந்தது. 1981இல் பாடகராகச் சேர்ந்த புரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகி, 1999இல் மீண்டும் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் கிதார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பியதால், டேவ் மர்ரே, யானிக் கெர்ஸ் ஆகியோரோடு மூன்று கிதார்கள் கொண்ட குழுவாக அது மாறியது. டிரம்ஸ் கலைஞர் நிக்கோ மெக்பிரைன் 1982இன் இறுதியிலிருந்து அவர்களோடு இருந்தவர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகப் பின்னர் எழுதுகிறேன்.

2007ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அவர்கள் இசைத்தபோதுதான் முதன்முதலாக நேரில் கேட்டேன். ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் பிரதி எடுத்துக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த நாள் என்னவாக இருந்தது என்பதை அன்று அங்கே நின்றவர்கள் அறிவார்கள். அவர்களுக்கு முன்னால் மேடையேறிய டெல்லியின் பரிக்ரமா குழுவுக்கு, அதே ஆண்டில் இங்கிலாந்தின் டவுன்லோட் இசைவிழாவில் வாசிக்கும் வாய்ப்பு அமைந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உலகப் புகழ்பெற்ற ஒரு குழு ஒரு நாட்டுக்கு வந்து போவதால், அங்குள்ள இசைக்கலைஞர்களுக்கும் ஒரு வழி திறக்கிறது.

கட்டுரையாளர் ‘பழைய பாடல்கள்’ என்கிறார். அன்று நான் கேட்ட பாடல்களில் கணிசமானவை, அதற்கு முந்தைய ஆண்டான 2006இல் வெளிவந்த ஆல்பத்தைச் சேர்ந்தவை. அந்த ஆல்பம் வெளியானதும் தொடங்கிய பயணத்தின் முதல் பகுதியில், அதன் பாடல்கள் முழுவதையும் வரிசை மாறாமல் மேடையில் இசைத்த குழு இது. பழையதைக் கேட்க வந்த கூட்டத்தின் முன் புதியதை வைக்க ஒரு துணிவு வேண்டும். முப்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு குழுவிடம் அந்தத் துணிவு இருந்தது.

நான் அன்று முன்வரிசைத் தடுப்புக்கு மிக அருகில் நின்றேன். பதிவுகளில் பல்லாண்டுகளாகக் கேட்டிருந்தும் எனக்குப் புரியாதிருந்த ஒன்று அங்கே கண்ணெதிரில் தெளிவானது. ஸ்டீவ் ஹாரிஸின் வாசிப்பை ரசிகர்கள் குதிரைப் பாய்ச்சல் என்பார்கள். ஒரு நீண்ட தட்டும் இரண்டு குறுந்தட்டுகளுமாக நிற்காமல் ஓடும் தாளம் அது. அந்த வேகத்துக்கு அவர் மீட்டுகோல் பயன்படுத்துவார் என்றே பலரும் நினைப்பார்கள். அவரோ சுட்டுவிரலையும் நடுவிரலையும் மட்டுமே கொண்டு, கம்பிகள் கட்டையில் மோதிக் கணகணக்கும்படி அடித்து வாசிக்கிறார். ஒரு காலை மேடை ஒலிபெருக்கியின் மேல் ஊன்றி, கிதாரைத் துப்பாக்கியைப் போல் கூட்டத்தை நோக்கி நீட்டியபடி, எல்லாப் பாடல்களையும் வாயசைத்துத் தானும் பாடிக்கொண்டே வாசிக்கும் அந்த மனிதரைப் பார்த்த பிறகு, வீட்டில் அதே பதிவுகளைக் கேட்கும்போது பேஸ் கிதாரின் ஓசை எனக்குத் தனியே பிரிந்து கேட்கத் தொடங்கியது. நேரில் பார்ப்பது பதிவுக்குப் போட்டி அல்ல. பதிவை எப்படிக் கேட்பது என்பதை அது கற்றுத்தருகிறது.

அடுத்த ஆண்டு, 2008 பிப்ரவரி 1 அன்று, தங்கள் உலகப் பயணத்தையே அவர்கள் மும்பையில் தொடங்கினார்கள். விமானி உரிமம் பெற்ற டிக்கின்சன், குழுவினரையும் பணியாளர்களையும் கருவிகளையும் சுமந்து வந்த போயிங் 757 விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார் என்ற செய்தி அன்று பரவலாகப் பேசப்பட்டது. 1984-85இல் அவர்கள் மேற்கொண்ட நெடும்பயணத்தின் எகிப்திய மேடை அலங்காரத்தை நினைவூட்டும் அமைப்பும், பெரும்பாலும் 1980களின் பாடல்களும் அந்த நிகழ்ச்சியில் இடம்பெற்றன. அந்தப் பாடல்கள் வெளிவந்த காலத்தில் நம்மில் எவரும் அவற்றை மேடையில் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. எனவே, ‘பழைய பாடல்’ என்பது யாருக்குப் பழையது என்ற கேள்வியைக் கட்டுரையாளர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவில் பழையதாக இருந்த ஒன்று, மும்பையில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோருக்கு அன்றுதான் முதன்முறையாக நிகழ்ந்தது.

அன்றைய பாடல்களில் ஒன்றை மட்டும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். கோல்ரிட்ஜ் எழுதிய, சாபத்துக்கு ஆளான மூத்த கடலோடியைப் பற்றிய நீள்கவிதையை அடிப்படையாகக் கொண்டு ஹாரிஸ் அமைத்த பாடல் அது. 1984ஆம் ஆண்டின் ஆல்பத்தில் இடம்பெற்றது. 13 நிமிடங்களுக்கும் மேல் நீள்வது. அதன் நடுப்பகுதியில் எல்லாக் கருவிகளும் அடங்கிவிடும். காற்றில்லாமல் கடலில் நின்றுவிட்ட கப்பலின் மரச்சட்டங்கள் கிறீச்சிடும் ஓசை மட்டும் கேட்கும். பேஸ் கிதார் மிக மெதுவாக ஒவ்வொரு சுரமாக இறங்கும். ஹெவி மெட்டல் நிகழ்ச்சி என்றால் இடைவிடாத இரைச்சல் என்று நினைப்பவர்கள் அந்த சில நிமிடங்களில் அங்கே இருந்திருக்க வேண்டும். அத்தனை பெரிய திறந்தவெளிக் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பிறகு டிரம்ஸ் மெல்லத் தட்டத் தொடங்கி, கிதார்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, டிக்கின்சன் நீண்ட ஒரு கூவலோடு மீண்டும் பாட்டை எடுத்தபோது, என் அருகில் நின்ற முன்பின் அறியாத ஒருவர் என் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

2009 பிப்ரவரியில் மறுபடியும் பெங்களூருக்கு வந்தார்கள். அதைப் பற்றித் தனியே சொல்ல அதிகமில்லை. முந்தைய ஆண்டின் நிகழ்ச்சியை ஒட்டியே அதுவும் அமைந்திருந்தது, நானும் மகிழ்ந்து கேட்டேன். அதன் பின் நெடுநாள் இடைவெளி விழுந்தது.

அந்த இடைவெளியில்தான், 2015 பிப்ரவரியில், டிக்கின்சனின் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி கண்டறியப்பட்ட செய்தி வெளியானது. கதிர்வீச்சும் வேதிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டு, அந்த ஆண்டு மே மாதத்தில் அவர் நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் வெளிவந்த இரட்டை ஆல்பத்தின் பாடல்களை அவர் 2014இல், நோய் இருப்பது கண்டறியப்படும் முன்பே, பாரிஸில் பாடி முடித்திருந்தார். ஆகவே அந்த ஆல்பத்தைக் கேட்டு மட்டும் ரசிகர்கள் நிம்மதி அடைந்துவிட முடியவில்லை. சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குரல் என்னவாக இருக்கிறது என்பதை மேடையில்தான் அறிய முடியும் என்ற நிலை இருந்தது.

2017 மே மாத இறுதியில் லண்டனின் ஓ2 அரங்கில் அதை அறிந்தேன். பண்டைய மாயன் கோயிலைப் போன்ற மேடையின் மேல்தளத்தில், புகை எழும் ஒரு கொப்பரையின் மேல் குனிந்தபடி, மற்றவர்கள் இசைக்கத் தொடங்கும் முன்பு அவர் தனியாகப் பாடினார். தொடக்க வரிகளில் அவர் குரலுக்குத் துணையாகக் கிதார்களோ டிரம்ஸோ இல்லை. தொண்டைப் பகுதியில் அத்தனை சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு பாடகர், கருவிகளின் பின்னால் ஒளிந்துகொள்ள ஏற்ற ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. குரலில் முன்பிருந்ததைவிடச் சற்றுக் கனம் கூடியிருந்தது. உச்சத்துக்குச் செல்லும் இடங்களில் முன்பு பாய்ந்து பிடித்ததை இப்போது கவனமாக ஏறிப் பிடித்தார். ஆனால் பிடித்தார். 2007இல் அந்தக் குரலைக் கேட்டிராதவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்காது. அந்த ஏற்றத்தின் மதிப்பும் தெரிந்திருக்காது. கட்டுரையாளரின் இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுதான். ஒரே குழுவைப் பல ஆண்டுகள் கேட்பவர் ஒரே நிகழ்ச்சியைத் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரு கலைஞர் தமக்கு நேர்ந்ததை எல்லாம் தம் கலைக்குள் எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பதைத் தொடர்ந்து கேட்கிறார்.

2018இல் அதே அரங்கில், மேடைக்கு மேலே ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பெரிய மாதிரி ஒன்று தொங்கி அசைய, கைகளிலிருந்து தீப்பிழம்பு பாயும் கருவியோடு டிக்கின்சன் பாடிய நிகழ்ச்சியையும் கண்டேன். கண்ணுக்கு அதைவிடப் பெரிய விருந்து அவர்கள் மேடையில் நான் கண்டதில்லை. ஆயினும் என் நினைவில் ஆழமாகத் தங்கியிருப்பவை அந்தக் காட்சிகள் அல்ல. 1992இல் வந்த ஒரு பாடலில், சொற்களே இல்லாத கிதார் மெட்டை அரங்கம் முழுவதும் எழுந்து பாடும் ஓர் இடம் உண்டு. பெங்களூரில் திறந்த வானத்தின் கீழ் கேட்ட அதே மெட்டை, வேறு மொழி பேசும் மக்கள் ஒரு மூடிய அரங்கில் அதே ஏற்ற இறக்கத்தோடு பாடக் கேட்டபோது நானும் அவர்களோடு பாடினேன். மொழி தெரியாமலே சேர்ந்து பாடக்கூடிய பாட்டை உலகுக்குத் தந்தவர்களை, வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் இறங்கிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நிக்கோ மெக்பிரைன். இவரை நேரில் ‘பார்த்தேன்’ என்று சொல்வதே கடினம். உருட்டு முரசுகளும் தாளத்தட்டுகளும் சுற்றிலும் உயர்ந்து நிற்கும் அவரது டிரம்ஸ் அமைப்பின் பின்னால் அவர் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடுவார். நிகழ்ச்சி முடிந்து அவர் வெளியே வந்து, டிரம்ஸ் குச்சிகளைக் கூட்டத்துக்குள் வீசும்போதுதான் அவரது முகத்தைக் காண முடியும். மெட்டல் டிரம்ஸ் கலைஞர்கள் பலர் பெரிய முரசுக்கு இரண்டு மிதிகளைப் பயன்படுத்தும்போது, இவர் ஏறக்குறைய எப்போதும் ஒற்றை மிதியையே, பெரும்பாலும் வெறுங்காலால், மிதித்து அந்த வேகத்தைக் கொண்டுவந்தவர்.

2023 ஜூலையில் லண்டனில் அவர்களைக் கேட்டேன். 1986ஆம் ஆண்டின் ஆல்பத்தில் இடம்பெற்று, அதுவரை மேடையேறாமலே இருந்த, மாவீரன் அலெக்சாண்டரைப் பற்றிய பாடலை அந்தப் பயணத்தில்தான் முதன்முதலாக இசைத்தார்கள். 37 ஆண்டுகளாக ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்த பாடல் அது. அதன் முதல் சுரங்கள் எழுந்ததும் என்னைச் சுற்றி நின்ற நடுவயது மனிதர்கள் கண்கலங்கியதைப் பார்த்தேன். அன்று டிரம்ஸ் வாசிப்பில் சில இடங்களில் வேகமான உருட்டல்கள் குறைந்து, எளிய அடிகள் அவற்றின் இடத்துக்கு வந்திருந்ததாக எனக்குத் தோன்றியது. எழுபது வயதைக் கடந்தவர், இயல்புதானே என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மாதம் மெக்பிரைன் வெளியிட்ட செய்தியைப் படித்தபோது நான் நெகிழ்ந்துபோனேன். அந்த ஆண்டு ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு, வலது தோளிலிருந்து கீழே உடலின் வலப்பக்கம் செயலிழந்திருக்கிறது. தீவிரமான சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் பிறகு, மே மாத இறுதியில் தொடங்கிய பயணத்தில் அவர் மேடையேறிவிட்டார். பெரிய முரசை மிதிப்பது வலது கால் என்பதையும், அவருக்கு இருப்பது ஒற்றை மிதி என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த மனிதர் ஜூலையில் எங்கள் முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது விளங்கும். இரண்டு மணி நேர நிகழ்ச்சி முழுவதையும் தாங்கி நிற்கும் தாளத்தை, ஆறு மாதங்களுக்கு முன் அசையாமல் கிடந்த ஒரு காலும் கையும் நடத்திக்கொண்டிருந்தன. அனுதாபம் தேடாமல், ஆகஸ்ட் மாதம் வரை அதைப் பற்றி வெளியில் பேசாமல் அவர் வாசித்தார். தளர்ச்சி என்று கட்டுரையாளர் எழுதுவதை நான் மறுக்கவில்லை, தளர்ச்சி இருந்தது. அந்தத் தளர்ச்சிக்குள் நடந்த உழைப்பை அவர் பார்க்கத் தவறிவிட்டார் என்றே சொல்கிறேன்.

2024 டிசம்பர் 7 அன்று பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் வாசித்த நிகழ்ச்சியே தம் இறுதிப் பயண நிகழ்ச்சி என்று மெக்பிரைன் அறிவித்தார். அவரது இடத்தில், ஹாரிஸின் மற்றொரு குழுவில் வாசித்துவந்த சைமன் டாசன் வந்து சேர்ந்தார். 2025 மே மாதம் புடாபெஸ்டில் தொடங்கிய ஐம்பதாம் ஆண்டுப் பயணம், 1980 முதல் 1992 வரையிலான முதல் ஒன்பது ஆல்பங்களின் பாடல்களை மட்டும் கொண்டது. அந்த ஆண்டு ஜூன் 28 அன்று அவர்கள் லண்டன் ஸ்டேடியத்தில் வாசித்தார்கள். ஹாரிஸ் சிறுவயது முதல் நேசிக்கும் வெஸ்ட்ஹாம் கால்பந்து அணியின் மைதானம் அது. குழு பிறந்த கிழக்கு லண்டனிலேயே இருப்பது. நானும் போயிருந்தேன்.

இந்தப் பயணத்துக்கு முன்னதாகக் குழுவின் மேலாளர் ராட் ஸ்மால்வுட், அலைபேசிகளைக் கீழே வைத்துவிட்டு நிகழ்ச்சியைக் கண்ணால் காணுமாறு ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். 2007இல் பெங்களூரில் கைகள்தாம் உயர்ந்திருந்தன. பிந்தைய ஆண்டுகளில் எனக்கு முன்னால் நின்றவர்களின் திரைகள் வழியாகவே மேடையைப் பார்க்க வேண்டிய நிலை பல முறை வந்தது. ஒரு பாடலை முழுவதும் படம் பிடிப்பவர் அதைப் பிறகு எத்தனை முறை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது நடக்கும்போது அவர் அதைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஸ்மால்வுட்டின் வேண்டுகோளை நான் மனமார வரவேற்றேன். அன்றும் திரைகள் ஆங்காங்கே ஒளிர்ந்தன என்றாலும், முன்னர் இருந்ததைவிடக் குறைவாகவே இருந்ததாக உணர்ந்தேன்.

அந்தக் கடலோடியின் பாடலும் அன்று இருந்தது. மும்பையில் கேட்டதற்கும் இதற்கும் இடையில் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. டாசனின் வாசிப்பில் வேகம் சற்றுக் குறைந்து, பழைய பதிவுகளின் நடைக்கு நெருங்கி வந்திருந்தது. மெக்பிரைனின் சுழன்றோடும் நடைக்குப் பழகிய என் காதுக்கு முதலில் அது அந்நியமாகவே பட்டது. ஆனால் அந்த நடை டிக்கின்சனுக்கு மூச்செடுக்க இடம் தந்தது. சொற்கள் தெளிவாகக் கேட்டன. நடுப்பகுதியின் அமைதியில், சாபம் சுமந்த கிழவன் தன் கதையைச் சொல்லும் வரிகளை 49 வயதில் மும்பையில் சொன்னவர், 66 வயதில் லண்டனில் சொன்னபோது, அந்தக் கிழவனுக்கு உரிய குரல் அவருக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. 1984இன் பதிவில் பாடியவர் இருபத்தைந்து வயது இளைஞர். அந்தப் பதிவு அழகானது. ஆனால் நான் அன்று கேட்டது அதில் இல்லை.

செவ்வியல் இசையில் முதுமை ஒரு தகுதியாகவே கொள்ளப்படுகிறது. அங்கே ஒரு மூத்த கலைஞர் ஐம்பது ஆண்டுகளாகப் பாடிவரும் பாடலையே மறுபடியும் பாடும்போது, இன்று அவர் அதில் என்ன காண்கிறார் என்று கேட்கப் போகிறோம். குரல் பிசிறுவதைப் பொறுத்துக்கொள்கிறோம். அதே பொறுமையை ராக் இசைக்கு மட்டும் மறுப்பதற்குக் காரணம், அது இளைஞர்களின் கூச்சல் என்ற பழைய எண்ணத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. பின்னணிப் பதிவை ஓடவிட்டு வாயசைத்துவிட்டுப் போகும் நிகழ்ச்சிகளை நான் ஆதரிக்கவில்லை. அவற்றைக் கட்டுரையாளர் எவ்வளவு கண்டித்தாலும் அவர் பக்கமே நிற்பேன். ஆனால் எல்லா மூத்த குழுக்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவது நேர்மையாகாது.

எப்போது இறங்குவது என்பதை மெக்பிரைனே முடிவு செய்தார். தம் கைகால்களால் எது முடியும், எது முடியாது என்பதை எந்த விமர்சகரையும்விட அவரே நன்கு அறிந்திருந்தார். கடைசி நிகழ்ச்சியை வாசித்துவிட்டு, ரசிகர்களுக்கு முறையாகச் சொல்லிவிட்டு விலகினார். மற்ற ஐவரும் தொடர்கிறார்கள். அவர்களிடம் அந்த முடிவை விட்டுவிடலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தியாவில் இத்தகைய நிகழ்ச்சிகள் நடக்கும்போது, எவ்வளவு கூட்டம் வந்தது, போக்குவரத்து எங்கே நின்றது என்ற செய்திகளோடு நாளிதழ்கள் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கின்றன. இசை அறிந்த செய்தியாளர் ஒருவரை அனுப்பி, எந்தப் பாடல் எப்படி இசைக்கப்பட்டது, பாடகரின் குரல் எந்த நிலையில் இருந்தது, முந்தைய வருகையைவிட எது மாறியது என்பதையும் எழுதச் செய்யுங்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியரே அப்பணியை ஏற்று முன்வரிசைக்கு அருகில் நின்று கேட்டு எழுதினால், அதை ஆவலோடு படிப்பேன். அவர் கருத்து அதன் பிறகும் மாறவில்லை என்றால், அந்தக் கருத்தையும் மதிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்